பிரிட்டிஷ் தொலைக்காட்சியில் நேரப் பங்கீடு

(உரையின் எழுத்து வடிவம்)

தொலைக்காட்சி நிகழ்ச்சி நிரல் என்பது நாளிதழின் ஒரு மூலையில் சிறிய எழுத்தில் அச்சிடப்படும் பட்டியல் என்றே பலரும் கருதுகின்றனர். எந்த நேரத்தில் எது வரும் என்று அறிந்துகொண்டபின் அதனை மறந்துவிடுவது இயல்பு. ஆனால் பிரிட்டனின் ஒளிபரப்பு வரலாற்றை ஆராய்வோர், அந்நாட்டுப் பாராளுமன்றமும் அமைச்சர்களும் விசாரணைக் குழுக்களும் பல பத்தாண்டுகளாக வாதிட்டு வந்தது பெரும்பாலும் இந்தப் பட்டியலைப் பற்றியே என்பதைக் காண்பர். இன்ன நிகழ்ச்சியைக் காட்டுக, இன்னதைக் காட்டற்க என்று பிரிட்டிஷ் அரசு நேரடியாகக் கட்டளையிட்ட சந்தர்ப்பங்கள் மிகச் சில. நாளொன்றுக்கு எத்தனை மணி நேரம் ஒளிபரப்பலாம், எந்த மணியில் நிறுத்த வேண்டும், அதற்கான செலவை யார் தருவது என்பவற்றையே அது தீர்மானித்து வந்தது. அவ்வளவில் நிகழ்ச்சிகளின் தன்மையே மாறிவிட்டது. ஒரு நிகழ்ச்சி உண்டா இல்லையா என்பதைவிட, அது எந்த மணியில் வைக்கப்படுகிறது என்பதே, காண வேண்டியவர்கள் அதனைக் காண்கிறார்களா என்பதை முடிவு செய்கிறது. பிரிட்டிஷ் அனுபவத்தில் கல்வி கற்க விரும்பிய தொழிலாளியும், சிறுபான்மை மொழி பேசுவோரும், குடியேறிய இந்தியரும் இதனை நேரில் கண்டறிந்தனர்.

அரசு வகுத்த மணிக்கணக்கு

1936ஆம் ஆண்டு நவம்பர் 2ஆம் நாள் வடக்கு இலண்டனிலுள்ள அலெக்சாண்டிரா மாளிகையிலிருந்து பி.பி.சி. தனது ஒழுங்கான தொலைக்காட்சிச் சேவையைத் தொடங்கிற்று. பிற்பகல் 3 முதல் 4 வரை ஒரு மணி, இரவு 9 முதல் 10 வரை ஒரு மணி, ஞாயிறு விடுமுறை. இதுவே முதல் நிரல். 1939 செப்டம்பர் 1ஆம் நாள், போர் மூளவிருந்த வேளையில், சேவை திடீரென நிறுத்தப்பட்டது. அப்போது நாட்டில் இருந்த தொலைக்காட்சிப் பெட்டிகள் சுமார் 20,000 மட்டுமே; அவையும் இலண்டனையும் அதன் சுற்றுப்புறத்தையும் சேர்ந்தவை. 1946 ஜூன் 7ஆம் நாள் சேவை மீண்டபோது, வானொலிக்கும் தொலைக்காட்சிக்குமாகச் சேர்த்து ஆண்டுக்கு இரண்டு பவுன் உரிமக் கட்டணம் விதிக்கப்பட்டது. எட்டு மாதங்கள் சென்றன. 1947ஆம் ஆண்டின் கடுங்குளிரில் நிலக்கரித் தட்டுப்பாடு ஏற்பட்டு, பிப்ரவரியில் ஏறத்தாழ ஒரு மாதத்திற்குத் தொலைக்காட்சி மீண்டும் மூடப்பட்டது. மின்சாரம் இல்லையேல் நிரலும் இல்லை என்ற பாடம் தொடக்கத்திலேயே கிடைத்துவிட்டது.

அந்நாளில் ஒளிபரப்பு, போஸ்ட்மாஸ்டர் ஜெனரல் எனப்பட்ட அஞ்சல்துறை அமைச்சரின் பொறுப்பில் இருந்தது. வாரத்திற்குச் சுமார் 50 மணி நேரம் என்ற அளவில் அவர் வரம்பு கட்டினார். இதற்குக் காரணங்கள் பல கூறப்பட்டன. உற்பத்தி நேரத்தில் மக்கள் வேலையை விட்டுப் பெட்டியின் முன் அமர்ந்துவிடலாகாது என்பது ஒன்று. குழந்தைகளின் உறக்கம் கெடலாகாது என்பது மற்றொன்று. வெளிப்படையாக அதிகம் பேசப்படாத காரணமும் ஒன்று இருந்தது. 1955க்குப் பின் விளம்பர வருவாயில் இயங்கிய போட்டி நிறுவனங்கள் விரும்பியபடி நேரத்தை நீட்டிக்கொண்டே போனால், குறிப்பிட்ட கட்டணத்தில் காலம் தள்ளும் பி.பி.சி. ஈடுகொடுக்க இயலாது. ஆகவே மணிவரம்பு என்பது ஒருவகையில் பி.பி.சி.க்கு எழுப்பப்பட்ட காப்பு மதிலாகவும் இருந்தது.

பள்ளி நிகழ்ச்சிகள், மத நிகழ்ச்சிகள், வேல்ஸ் மொழி நிகழ்ச்சிகள் போன்றவை இந்த வரம்பில் சேர்க்கப்படவில்லை. இவ்விதிவிலக்கின் விளைவைச் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். கூடுதல் நேரம் வேண்டும் நிறுவனம், கல்வியையோ சமயத்தையோ அளித்தால் மட்டுமே அதனைப் பெறலாம். மானியம் தராமலும் ஆணை பிறப்பிக்காமலும் ஒரு நிர்வாகம் தான் விரும்பிய வகை நிகழ்ச்சியை வளர்த்துக்கொண்ட சாதுரியம் இதில் காணப்படுகிறது. 1957 மே மாதத்தில் வணிகத் தொலைக்காட்சியும் அவ்வாண்டு செப்டம்பரில் பி.பி.சி.யும் பள்ளி ஒளிபரப்பைத் தொடங்கின.

வரம்புகளிலெல்லாம் விசித்திரமானது மாலை 6 முதல் 7 வரையிலான மௌனம். அந்த ஒரு மணி நேரம் திரை வெறுமையாகவே இருக்கும். சிறுவர் நிகழ்ச்சிகள் முடிந்துவிட்டன என்று குழந்தைகளை நம்பவைத்துத் தாய்மார்கள் அவர்களை உறங்கச் செய்வதற்காக இந்த ஏற்பாடு. 'மழலையர் போர்நிறுத்தம்' என்று பத்திரிகைகள் இதற்குப் பெயரிட்டன. பி.பி.சி.க்கு இதனால் செலவு மிச்சம். விளம்பரத்தையே நம்பிய வணிக நிறுவனங்களுக்கோ, குடும்பம் முழுவதும் வீட்டில் இருக்கும் அருமையான நேரம் வீண். அவை முறையிட்டன. அஞ்சல்துறை அமைச்சராக இருந்த சார்லஸ் ஹில், குழந்தைகளை உறங்கவைப்பது பெற்றோர் கடமையேயன்றி அரசின் கடமையன்று என்ற கருத்துடையவர். மருத்துவரான அவர், போர்க்காலத்தில் வானொலி வழியே மக்களுக்கு உடல்நல அறிவுரை கூறிப் புகழ்பெற்றவர் என்பதால் அவர் சொல்லுக்கு மதிப்பு இருந்தது. 1957 பிப்ரவரி 16ஆம் நாள் அந்த மௌனம் முடிவுக்கு வந்தது. எதிர்த்து நின்ற பி.பி.சி.யே அந்நேரத்தை மிகத் திறம்படப் பயன்படுத்திற்று. 'டுநைட்' என்ற நாட்டுநடப்பு நிகழ்ச்சி, வேலையிலிருந்து திரும்பி வீட்டுக்குள் வருவதும் தேநீர் அருந்துவதுமாக இருப்பவர்களை மனத்திற்கொண்டு, சிறுசிறு துணுக்குகளாக அமைக்கப்பட்டது. முழு நேரமும் உட்கார்ந்து பார்க்க வேண்டிய அவசியம் இல்லை. ஒரு வெற்று மணியே நிகழ்ச்சியின் வடிவத்தை வகுத்துக் கொடுத்தது எனலாம். சார்லஸ் ஹில் பிற்காலத்தில் வணிகத் தொலைக்காட்சி ஆணையத்தின் தலைவராகவும், 1967 முதல் பி.பி.சி.யின் தலைவராகவும் பணியாற்றினார் என்பது வரலாற்றின் விளையாட்டு.

ஞாயிறு மாலையில் தேவாலய வழிபாட்டு வேளையை ஒட்டிச் சுமார் ஒரு மணி நேரம் சமய நிகழ்ச்சிகளுக்கென ஒதுக்கப்பட்டிருந்தது. இரு அலைவரிசைகளும் ஒரே நேரத்தில் இவ்விதிக்கு உட்பட்டதால் ஒன்று மற்றதன் பார்வையாளரைக் கவர்ந்துகொள்ள இயலவில்லை. 1972 ஜனவரியில் அமைச்சர் கிறிஸ்டோபர் சாட்டவே மணிவரம்புகளை நீக்கினார். அவ்வாண்டு அக்டோபர் முதல் வணிகத் தொலைக்காட்சியில் பிற்பகல் முழுவதும் நிகழ்ச்சிகள் நிரம்பின. ஆயினும் அடுத்த ஆண்டே எண்ணெய் நெருக்கடியும் நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளர் தகராறும் சேர்ந்துகொள்ள, 1973 டிசம்பரில் இரவு 10.30 மணிக்கு ஒளிபரப்பை நிறுத்துமாறு எட்வர்டு ஹீத் அரசு பணித்தது. 1974 பிப்ரவரியில் பொதுத்தேர்தல் அறிவிக்கப்பட்டபோதுதான் அத்தடை அகன்றது.

விளம்பரமும் போட்டியும்

1954ஆம் ஆண்டின் தொலைக்காட்சிச் சட்டம் ஒரு நூதன அமைப்பை உருவாக்கிற்று. ஒளிபரப்பு நிலையங்கள் அரசு நியமித்த ஆணையத்திற்கு உரியவை. நிகழ்ச்சிகளைத் தயாரிப்பவை வட்டாரவாரியாக ஒப்பந்தம் பெற்ற தனியார் கம்பெனிகள். இலண்டனில் வாரநாட்களுக்கு ஒரு கம்பெனி, சனி ஞாயிறுகளுக்கு வேறொரு கம்பெனி என்று நாட்களே பங்கிடப்பட்டன. விளம்பரதாரர் நிகழ்ச்சியை நடத்தலாகாது; நிகழ்ச்சிகளுக்கு நடுவே நேரத்தை மட்டுமே விலைக்கு வாங்கலாம். பத்திரிகையில் விளம்பரம் செய்பவர் தலையங்கம் எழுத இயலாததுபோல என்று இதனை ஆதரித்தோர் விளக்கினர். விளம்பரம் நாள் முழுவதற்குமான சராசரியில் மணிக்கு ஆறு நிமிடங்களைத் தாண்டலாகாது. நிகழ்ச்சியின் இயற்கையான இடைவேளைகளில் மட்டுமே வரலாம். பள்ளி நிகழ்ச்சிகளுக்கும் வழிபாட்டு நிகழ்ச்சிகளுக்கும் இடையே வரலாகாது. இவ்விதிகள் ஏட்டளவில் எளியவை. நடைமுறையில், 'இயற்கையான இடைவேளை' எது என்பதற்காகவே கதைகளை எழுதும் ஆசிரியர்கள் தோன்றினர்.

வணிகத் தொலைக்காட்சி இலண்டனில் தொடங்கிய 1955 செப்டம்பர் 22ஆம் நாள் இரவு, பி.பி.சி.யின் வானொலியில் 'தி ஆர்ச்சர்ஸ்' என்ற தொடர் நாடகத்தில் கிரேஸ் ஆர்ச்சர் என்ற இளம்பெண் லாயத்தில் பற்றிய தீயில் உயிரிழந்தாள். மறுநாள் நாடு முழுவதும் பேசப்பட்டது புதிய தொலைக்காட்சியன்று. அந்தக் கற்பனைப் பெண்ணின் மரணமே. இந்தத் தொடர் போருக்குப் பிந்தைய உணவுத் தட்டுப்பாட்டுக் காலத்தில், விவசாயிகளுக்குப் புதிய சாகுபடி முறைகளைக் கதை வழியே எடுத்துச் சொல்ல வேளாண்மை அமைச்சகத்தின் ஆலோசனையுடன் உருவாக்கப்பட்டது. விரிவாக்கப் பணியாளர்களின் கருவியாகப் பிறந்த ஒரு நிகழ்ச்சி, நிறுவனப் போட்டியில் ஆயுதமாயிற்று.

போட்டி வந்தபின் நிரல் அமைப்பது தனிக்கலையாயிற்று. மாலையில் முதலில் ஓர் அலைவரிசையைத் திருப்பிய வீட்டினர் பெரும்பாலும் இரவு முழுவதும் அதிலேயே இருந்துவிடுவர் என்று நிரல் வகுப்போர் கண்டனர். குமிழைத் திருக எழுந்து செல்ல வேண்டிய காலம் அது. ஆகவே இரண்டு ஜனரஞ்சக நிகழ்ச்சிகளை இரு புறமும் நிறுத்தி, நடுவே கனமான நிகழ்ச்சி ஒன்றைத் தொங்கவிடும் முறை தோன்றியது. ஆங்கிலத்தில் இதற்கு வழங்கும் பெயரைத் தமிழில் 'தூளி' என்று சொல்லலாம்; இரு கம்பங்கள் உறுதியாக இருந்தால் நடுவிலுள்ள குழந்தை விழாது. பொருளாதாரமோ அயல்நாட்டுச் செய்தியோ தேடிச்சென்று பார்த்திராத இலட்சக்கணக்கானோர் இவ்விதம் அவற்றைப் பார்த்தனர். இதனைத் தந்திரம் என்று குறைகூறியோர் உண்டு. ஆனால் மருந்தைத் தேனில் குழைத்துக் கொடுக்கும் வழக்கம் எங்கும் உள்ளதே.

1962இல் அறிக்கை அளித்த பில்கிங்டன் குழு வணிகத் தொலைக்காட்சியைக் கடுமையாகச் சாடி, மூன்றாவது அலைவரிசையைப் பி.பி.சி.க்கே அளிக்கப் பரிந்துரைத்தது. 1964 ஏப்ரல் 20ஆம் நாள் மாலை பி.பி.சி.-2இன் தொடக்கவிழா நடைபெறவேண்டிய நேரத்தில், பாட்டர்சி மின்நிலையத்தில் ஏற்பட்ட தீவிபத்தால் மேற்கு இலண்டன் இருளில் மூழ்கியது. மறுநாள் காலை, குழந்தைகளுக்கான 'பிளே ஸ்கூல்' என்ற நிகழ்ச்சியே புதிய அலைவரிசையின் முதல் முழு நிகழ்ச்சியாக அமைந்தது. வாரத்தின் ஒவ்வோர் இரவையும் ஒவ்வொரு வகைக்கு ஒதுக்கி, செவ்வாய் முழுவதும் கல்வி என்பதுபோல் வகுக்கப்பட்ட அதன் முதல் நிரல் நெடுநாள் நீடிக்கவில்லை. கல்வியில் ஆர்வமுள்ளவரும் ஒரே இரவில் மூன்று மணி நேரம் கற்க விரும்புவதில்லை. ஆர்வமில்லாதவரோ அன்று முழுவதும் திரும்பியே பார்ப்பதில்லை. அதன்பின் நிலைத்த முறை பயனுள்ளது. பி.பி.சி.யின் இரு அலைவரிசைகளிலும் சில நிகழ்ச்சிகள் ஒரே நிமிடத்தில் தொடங்குமாறு நிரல் இணைக்கப்பட்டது. ரயில் சந்திப்பில் வண்டி மாறுவதுபோல் பார்வையாளர் எதனையும் பாதியில் விடாமல் ஒன்றிலிருந்து மற்றதற்கு மாறலாம்; ஒன்றில் கேளிக்கை இருப்பின் மற்றதில் அதற்கு மாறானது இருக்கும்.

நிரலைக் கவனமாகப் படித்த மற்றொரு துறை மின்வாரியம். ஜனரஞ்சக நாடகம் முடிந்ததும், அல்லது விளம்பர இடைவேளை வந்ததும், இலட்சக்கணக்கான வீடுகளில் ஒரே நேரத்தில் தேநீருக்கு மின்கெண்டிகள் ஏற்றப்படும். தேவை சில நிமிடங்களில் செங்குத்தாக உயரும். 1990 ஜூலை 4ஆம் நாள் உலகக் கோப்பை அரையிறுதியில் மேற்கு ஜெர்மனியிடம் இங்கிலாந்து தோற்ற ஆட்டம் முடிந்தபோது இந்த எழுச்சி சுமார் 2,800 மெகாவாட் அளவை எட்டிற்று. வேல்ஸ் மலைப்பகுதியில் 1984இல் நிறைவடைந்த டினோர்விக் நீரேற்று மின்நிலையம், இத்தகைய திடீர்த் தேவைகளைச் சில நொடிகளில் ஈடுசெய்யும் ஆற்றல் வாய்ந்தது. இரவில் மிகுதியான மின்சாரத்தால் மேல் ஏரிக்கு நீரை ஏற்றிவைத்து, தேவையானபோது கீழே பாய்ச்சுவது அதன் முறை. மின்பகிர்மானப் பொறியாளர் தமது மேசையில் தொலைக்காட்சி நிரலை வைத்துக்கொண்டு பணிபுரிவது அங்கு வேடிக்கையன்று, கடமையின் பகுதி.

எஞ்சிய மணிகளும் சிறுபான்மையினரும்

இனி, பெரும்பான்மையோர் விரும்பாத நிகழ்ச்சிகளுக்கு எந்த மணி கிடைத்தது என்பதைக் காண வேண்டும்.

திறந்தவெளிப் பல்கலைக்கழகம் 1969இல் சாசனம் பெற்று, 1971 ஜனவரியில் பி.பி.சி. வழியாகப் பாடங்களைத் தொடங்கிற்று. முன்தகுதி ஏதும் கேட்காமல், பகலில் வேலை செய்வோரை மாணவராகச் சேர்த்துக்கொண்ட நிறுவனம் அது. அமைச்சர் ஜென்னி லீயின் விடாமுயற்சி இன்றி அது தோன்றியிராது. தொடக்கத்தில் மாலைப்பொழுதிலும் வார இறுதிக் காலையிலும் பி.பி.சி.-2இல் அதற்கு இடம் கிடைத்தது. பாடங்கள் பெருகப் பெருக, மாலை மணிகளுக்குப் பொது நிகழ்ச்சிகளின் கோரிக்கையும் பெருக, கல்வி விடியற்காலைக்கும் நள்ளிரவுக்கும் தள்ளப்பட்டது. தொழிற்சாலைக்குச் செல்லுமுன் எழுந்து கணிதப் பாடம் பார்த்தவரின் உறுதி பாராட்டுக்குரியது. அவரை அந்த நேரத்தில் எழவைத்த ஏற்பாடு பாராட்டுக்குரியதா என்பது ஐயமே. வீடியோப் பதிவுக் கருவி பரவியபின்தான் ஒளிபரப்பும் நேரமும் பார்க்கும் நேரமும் தனித்தனியாகி, இக்குறை நீங்கிற்று. பி.பி.சி. வழியான பாட ஒளிபரப்பு 2006 டிசம்பரில் முடிவுற்றது.

இந்தியாவிலிருந்தும் பாகிஸ்தானிலிருந்தும் குடியேறியவர்களுக்காக 1965 அக்டோபரில் 'அப்னா ஹீ கர் சமஜியே' என்ற நிகழ்ச்சியைப் பி.பி.சி. இந்துஸ்தானியில் தொடங்கியது. ஆங்கிலம் கற்பித்தலும் புதிய நாட்டு வாழ்க்கைமுறையை விளக்குதலும் அதன் நோக்கம். ஞாயிறு காலையில் அது வைக்கப்பட்டது. பிற நிகழ்ச்சிகளின் பார்வையாளர்களுக்கு இடையூறு இல்லாத நேரம் அது என்பது உண்மை. ஆலைகளில் முறைவேலை செய்தோர் வீட்டில் இருக்கக்கூடிய நேரம் என்பதும் உண்மை. 1968 முதல் 'நயீ ஜிந்தகி நயா ஜீவன்' அதன் இடத்தைப் பெற்றது. இந்துஸ்தானி அறியாத தமிழ், வங்காளக் குடும்பங்களுக்கு அந்த அரைமணி எவ்வளவு பயன்பட்டது என்பது வேறு கேள்வி. எனினும் ஒரு குடும்பம் தன் மொழியைப் பொதுத்திரையில் கேட்பதற்கு வாரத்தில் ஒரு காலை கிடைத்தது.

வேல்ஸில் இப்பிரச்சினை வேறு வடிவம் கொண்டது. 1981ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கின்படி அங்கு வேல்ஸ் மொழி பேசியோர் சுமார் ஐந்து இலட்சம். ஏறத்தாழ ஐவரில் ஒருவர். அவர்களுக்கான நிகழ்ச்சிகள் பி.பி.சி.யிலும் வணிக அலைவரிசையிலும் ஆங்கில நிகழ்ச்சிகளுக்கு இடையே இங்கொன்றும் அங்கொன்றுமாகச் செருகப்பட்டன. இதனால் எவருக்கும் மனநிறைவு இல்லை. வேல்ஸ் மொழியினர் தமக்கு மிச்சம்மீதி நேரமே கிடைப்பதாகக் குறைப்பட்டனர். ஆங்கிலம் மட்டுமே அறிந்தோர், இங்கிலாந்து முழுவதும் காணும் நிகழ்ச்சி தமக்கு மட்டும் மறுக்கப்படுவதாகச் சினந்தனர். சிலர் வான்கம்பியை எல்லைக்கு அப்பாலுள்ள ஆங்கில நிலையங்களை நோக்கித் திருப்பிக்கொண்டனர். மொழிப்பகை என்று தோன்றியது உண்மையில் ஒரே நிரலில் இரு மொழிகளை அடைக்க முயன்றதன் விளைவு. நான்காவது அலைவரிசையை வேல்ஸில் அம்மொழிக்கே ஒதுக்கிவிடலாம் என்பதில் இரு தரப்பினருக்கும் உடன்பாடு தோன்றிற்று.

1979 தேர்தலில் கன்சர்வேடிவ் கட்சி இதற்கு வாக்களித்திருந்தது. ஆட்சிக்கு வந்த சில மாதங்களிலேயே உள்துறை அமைச்சர் வில்லியம் வைட்லா, தனி அலைவரிசை இல்லை, இருக்கும் இரண்டிலேயே நேரத்தை உயர்த்தலாம் என்று அறிவித்தார். பலர் உரிமக் கட்டணம் செலுத்த மறுத்து நீதிமன்றம் சென்றனர். பிளைட் கம்ரி கட்சியின் முதல் பாராளுமன்ற உறுப்பினராக 1966இல் வென்றவரும் அமைதிவழியில் பற்றுடையவருமான குவின்ஃபோர் எவன்ஸ், வாக்குறுதி நிறைவேறாவிடில் 1980 அக்டோபரில் உண்ணாநோன்பு தொடங்கிச் சாகும்வரை தொடர்வதாக அறிவித்தார். அப்போது அவருக்கு வயது 67. இந்திய விடுதலைப் போராட்ட வரலாறு அறிந்தவர்களுக்கு அந்த ஆயுதம் புதிதன்று. பிரிட்டிஷ் அரசுக்கும் புதிதன்று. வேல்ஸின் மதிப்பிற்குரிய பெரியோர் மூவர் அமைச்சரைச் சந்தித்து நிலைமையை எடுத்துரைத்தனர். செப்டம்பர் 17ஆம் நாள் அரசு தன் முடிவை மாற்றிக்கொண்டது. 1982 நவம்பர் 1ஆம் நாள் எஸ்.4.சி. என்ற வேல்ஸ் அலைவரிசை தொடங்கிற்று.

அலைவரிசை கிடைத்ததுடன் காரியம் முடியவில்லை. வாரத்தில் இருபது மணிக்குச் சற்று மேற்பட்ட வேல்ஸ் நிகழ்ச்சிகளை மாலை முன்னிரவில், அதாவது குடும்பத்தார் கூடியிருக்கும் மணிகளில் வைப்பதே அதன் கொள்கையாயிற்று. எஞ்சிய நேரத்தில் சானல் 4இன் ஆங்கில நிகழ்ச்சிகள் நேரம் மாற்றி ஒளிபரப்பாயின. இப்போது நள்ளிரவுக்குத் தள்ளப்பட்டவர்கள் ஆங்கிலப் பார்வையாளர்கள்! ஒரு நாளில் 24 மணி என்ற வரம்பு இருக்கும்வரை ஒருவருக்குக் கிடைத்த மணி மற்றொருவர் இழந்ததே. 2010இல் வேல்ஸ் முழுவதும் டிஜிட்டல் முறைக்கு மாறி, இரு அலைவரிசைகளும் தனித்தனியே கிடைத்தபோதுதான் இந்தக் கணக்கு முற்றிலும் தீர்ந்தது.

எஸ்.4.சி.க்கு மறுநாள், 1982 நவம்பர் 2ஆம் நாள், பிரிட்டனின் பிற பகுதிகளில் சானல் 4 தொடங்கிற்று. வணிகத் தொலைக்காட்சி கவனியாத சுவைகளுக்கு இடமளிக்க வேண்டுமெனச் சட்டமே அதற்கு விதித்தது. அதன் விளம்பர நேரத்தை வட்டார வணிகக் கம்பெனிகளே விற்று, பதிலுக்கு அதன் செலவிற்கான சந்தாவைச் செலுத்தின. ஆதலின் பார்வையாளர் எண்ணிக்கையைப் பற்றி அது உடனடியாக அஞ்ச வேண்டியதில்லை. மாலை 7 மணிக்கு ஏறத்தாழ ஒரு மணி நேரச் செய்தி என்ற துணிவான ஏற்பாடு இதனால்தான் இயன்றது. பார்வையாளர் முதலில் மிகக் குறைவு, அந்த நேரத்தை அலைவரிசை விட்டுக்கொடுக்கவில்லை, செய்தி நிலைபெற்றது.

நிரல் யாருடைய உடைமை?

1991 மார்ச் வரை பிரிட்டனில் ஒரு வாரத்திற்குரிய முழு நிரலையும் ஒரே இதழில் காண இயலாது. பி.பி.சி.யின் நிரல் 'ரேடியோ டைம்ஸ்' இதழிலும் வணிக அலைவரிசைகளின் நிரல் 'டி.வி. டைம்ஸ்' இதழிலும் மட்டுமே வெளிவந்தன. நாளிதழ்கள் அன்றன்றைய பட்டியலை அச்சிட மட்டும் இசைவு பெற்றிருந்தன. நிரல் பதிப்புரிமைக்கு உட்பட்ட படைப்பு என்பது நிறுவனங்களின் வாதம். 1990ஆம் ஆண்டு ஒளிபரப்புச் சட்டம் இத்தனியுரிமையை உடைத்தது. அயர்லாந்தில் மகில் என்ற சிறு பதிப்பகம் எழுப்பிய இதையொத்த வழக்கில், 1995இல் ஐரோப்பிய நீதிமன்றம், வேறெங்கும் கிடைக்காத தகவலை மறுத்துப் புதிய பொருள் சந்தைக்கு வருவதைத் தடுப்பது ஆதிக்க நிலையைத் தவறாகப் பயன்படுத்துவதாகும் என்று தீர்ப்பளித்தது.

அதே 1990ஆம் ஆண்டுச் சட்டம் வட்டார ஒப்பந்தங்களை ஏலத்தில் விட்டது. முக்கிய நேரத்தில் கனமான நிகழ்ச்சிகளை நிறுத்திவைக்க ஆணையத்திற்கிருந்த பிடி தளர்ந்தது. 1967 முதல் இரவு 10 மணிக்கு நிலைபெற்றிருந்த வணிகத் தொலைக்காட்சியின் 'நியூஸ் அட் டென்' செய்தி, திரைப்படங்களை நடுவில் வெட்டுகிறது என்ற காரணத்தால் 1999 மார்ச்சில் அகற்றப்பட்டது. அரசியல் தலைவர்களே எதிர்ப்புக் கூறினர். காலியான அந்த மணியை 2000 அக்டோபரில் பி.பி.சி. தன் ஒன்பது மணிச் செய்திக்கு எடுத்துக்கொண்டது. அதே வேளையில் தனது பழம்பெரும் நாட்டுநடப்பு நிகழ்ச்சியான 'பனோரமா'வைத் திங்கள் மாலையிலிருந்து ஞாயிறு பின்னிரவுக்கு அது மாற்றியது. நிகழ்ச்சி நிறுத்தப்படவில்லை என்று நிர்வாகம் சொன்னது உண்மையே. ஆறாண்டுகளுக்குச் சற்று மேல் கழித்து, 2007 ஜனவரியில் அது திங்களுக்கே திரும்பி வந்தது.

இரவு 9 மணிக்கு முன் குழந்தைகளுக்கு ஒவ்வாதவை வரலாகாது என்ற 1960களின் விதி, ஆஃப்காம் என்ற ஒழுங்குமுறை அமைப்பின் கீழ் இன்றும் நடைமுறையில் உள்ளது. ஆனால் 2007 டிசம்பரில் பி.பி.சி. ஐபிளேயர் சேவை முழுமையாகத் தொடங்கியபின், விரும்பியதை விரும்பிய மணியில் காணும் பழக்கம் பரவிவிட்டது. மணி என்ற தட்டுப்பாடு தீர்ந்தவுடன் இடம் என்ற தட்டுப்பாடு தோன்றியுள்ளது. தொலைக்காட்சிப் பெட்டியை இயக்கியதும் திரையில் முதலில் தோன்றும் சில கட்டங்களில் எவை இருக்கும் என்பதைப் பெட்டி செய்யும் கம்பெனிகளும் அயல்நாட்டுத் திரைச்சேவைகளும் பேரம் பேசி முடிவு செய்யும் நிலை உருவாயிற்று. பொதுநலச் சேவைகளை எளிதில் தென்படும் இடத்தில் வைக்க வேண்டும் என்ற கடமையை, அலைவரிசை எண்களுக்கு அப்பால் இணையவழிப் பெட்டிகளுக்கும் விரித்து, பிரிட்டிஷ் பாராளுமன்றம் 2024இல் ஊடகச் சட்டத்தை நிறைவேற்றியது. அச்சட்டத்தின்படி காக்கப்படும் சேவைகளின் வரிசையில் பி.பி.சி., சானல் 4 ஆகியவற்றுடன், வேல்ஸ் மொழியின் எஸ்.4.சி.யும் இடம் பெற்றுள்ளது.